மூன்று நாள் மட்டும் நடந்த ஒலிம்பிக் கராத்தே: டோக்கியோ பதக்க வீரர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கராத்தே ஒலிம்பிக்கில் இருந்ததா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருந்தது. 2021 ஆகஸ்ட் 5, 6, 7 ஆகிய மூன்று நாள்கள் இருந்தது. அதற்கு முன்னும் இல்லை, 2024 பாரிஸிலும் இல்லை. அந்த மூன்று நாளில் பதக்கம் வென்ற 32 பேரின் பெயர்கள் மறந்துபோவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கராத்தே கற்பவர்களும் கற்கும் பிள்ளைகளின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

டோக்கியோ 2020 என்று பதக்கத்தில் இருக்கிறதே, 2021 என்கிறீர்களே?

இரண்டும் ஒன்றுதான். கொரோனா தொற்றால் போட்டிகள் ஓராண்டு தள்ளிப்போயின. பெயரை மட்டும் மாற்றவில்லை. பார்வையாளர்களுக்கும் அனுமதி இல்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒலித்த ‘கியாய்’ முழக்கம், கூட்டம் நிறைந்த அரங்கில் கேட்பதைவிடக் கூர்மையாக இருந்தது.

போட்டி நடந்த அரங்குக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

அந்த அரங்கின் பெயர் நிப்பான் புடோகான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ அறிமுகமானபோது அதற்காகவே கட்டப்பட்டது. 1970இல் முதலாவது உலகக் கராத்தே சாம்பியன்ஷிப் நடந்ததும் இங்கேதான். அப்போது தனிநபர் சண்டைப் பிரிவில் ஜப்பானின் கோஜி வாடா பட்டம் வென்றார். முதல் உலகப் பட்டம் வழங்கப்பட்ட அதே கூரையின் கீழ் 51 ஆண்டுகள் கழித்து முதல் ஒலிம்பிக் தங்கமும் வழங்கப்பட்டது. ஓகினாவா தீவில் பிறந்த கலையை ஜப்பானின் தலைநகரில் 1922இல் கிச்சின் ஃபுனகோஷி நிகழ்த்திக் காட்டினார். அந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் ஒலிம்பிக் மேடைக்கு வந்துசேர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

மொத்தம் எத்தனை பிரிவுகள்?

எட்டு. எதிராளி இல்லாமல் அசைவுத் தொடரைத் தனியாகச் செய்து காட்டும் கட்டாவில் ஆண்கள், பெண்கள் என இரண்டு. குமிதே எனப்படும் நேரடிச் சண்டையில் ஆறு: ஆண்களுக்கு 67 கிலோவுக்குள், 75 கிலோவுக்குள், 75 கிலோவுக்கு மேல், பெண்களுக்கு 55 கிலோவுக்குள், 61 கிலோவுக்குள், 61 கிலோவுக்கு மேல்.

இதில் ஒரு வருத்தம் உண்டு. உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்களுக்கு ஐந்து எடைப் பிரிவுகள், பெண்களுக்கு ஐந்து. ஒலிம்பிக்கில் வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்ததால் இரண்டு இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். வழக்கமாக 60 கிலோவுக்குள் ஆடும் ஒருவர் 67 கிலோக்காரரோடு மோத வேண்டியிருந்தது. பெண்களில் 50 கிலோவுக்குள் ஆடுபவர்களுக்கும் இதே நிலைதான். அந்த 50 கிலோ பிரிவிலிருந்து வந்த ஆஸ்திரியாவின் பெட்டினா பிளாங்க், தன்னைவிட எடை கூடியவர்களோடு ஆடி வெண்கலம் வென்றார். அந்த வெண்கலத்தின் எடையை நான் கொஞ்சம் கூடுதலாகவே மதிக்கிறேன்.

பதக்கம் வென்றவர்கள் யார் யார்?

நாள் வாரியாகச் சொன்னால் நினைவில் நிற்கும்.

முதல் நாளான ஆகஸ்ட் 5இல் பெண்கள் கட்டாவில் ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸ் தங்கம், ஜப்பானின் கியோ ஷிமிசு வெள்ளி. ஹாங்காங்கின் கிரேஸ் லாவும் இத்தாலியின் விவியானா பொத்தாரோவும் வெண்கலம். ஆண்கள் 67 கிலோவில் பிரான்ஸின் ஸ்டீவன் டா கோஸ்டா தங்கம், துருக்கியின் எராய் ஷம்டான் வெள்ளி. கஜகஸ்தானின் தர்கான் அசாதிலோவ், ஜோர்டானின் அப்தெல் ரஹ்மான் அல் மசாத்ஃபா வெண்கலம். பெண்கள் 55 கிலோவில் பல்கேரியாவின் இவெட் கோரானோவா தங்கம், உக்ரைனின் அன்ஷெலிகா தெர்லியூகா வெள்ளி. பெட்டினா பிளாங்கும் தைவான் வீராங்கனை வென் சூ-யுன்னும் வெண்கலம்.

மறுநாள் ஆண்கள் கட்டாவில் ஜப்பானின் ரியோ கியூனா தங்கம், ஸ்பெயினின் டாமியன் கின்டெரோ வெள்ளி. அமெரிக்காவின் ஏரியல் டோரஸ், துருக்கியின் அலி சோஃபுவோலு வெண்கலம். பெண்கள் 61 கிலோவில் செர்பியாவின் யோவானா ப்ரெகோவிச் தங்கம், சீனாவின் யின் சியாவ்யான் வெள்ளி. எகிப்தின் ஜியானா ஃபரூக், துருக்கியின் மெர்வே சோபான் வெண்கலம். ஆண்கள் 75 கிலோவில் இத்தாலியின் லூயிஜி புஸா தங்கம், அஜர்பைஜானின் ரஃபேல் அகாயெவ் வெள்ளி; ஹங்கேரியின் காபோர் ஹார்ஷ்பதாகி, உக்ரைனின் ஸ்டானிஸ்லாவ் ஹொருனா வெண்கலம்.

கடைசி நாளில் பெண்கள் 61 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் எகிப்தின் ஃபெரியால் அப்தெல் அசீஸ் தங்கம், அஜர்பைஜானின் இரினா சரெட்ஸ்கா வெள்ளி. சீனாவின் கோங் லி, கஜகஸ்தானின் சோஃபியா பெருல்ட்சேவா வெண்கலம். ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே தங்கம், சவுதி அரேபியாவின் தாரிக் ஹமீதி வெள்ளி. ஜப்பானின் ரியூதாரோ அராகா, துருக்கியின் உகுர் அக்தாஷ் வெண்கலம்.

ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு வெண்கலம் ஏன்?

சண்டைப் பிரிவில் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் கொடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே குழுச் சுற்றில் நான்கு சண்டை, பிறகு அரையிறுதி, எல்லாம் ஒரே நாளில். கட்டாவில் மட்டும் வெண்கலத்துக்கெனத் தனிப் போட்டி நடந்தது. உலக சாம்பியன்ஷிப்களிலும் இரண்டு வெண்கலம் வழக்கம்தான். ஆனால் அங்கே, இறுதிக்குப் போனவரிடம் தோற்றவர்களுக்கு மறுவாய்ப்புச் சுற்று ஒன்று வைத்து முடிவு செய்வது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அந்த வகையில் முதல் சுற்றில் தோற்றவர்கூட வெண்கலம் வெல்ல முடிந்தது.

கட்டாவில் எதிராளியே இல்லை. பிறகு எதை வைத்து வெற்றி தோல்வி?

கட்டா என்பது கற்பனை எதிராளிகளைத் தடுத்தும் தாக்கியும் செய்யப்படும், காலங்காலமாக வரையறுக்கப்பட்ட அசைவுகளின் தொடர். வீரர் களத்துக்கு வந்து வணங்கி, தான் செய்யப்போகும் கட்டாவின் பெயரை உரக்க அறிவிப்பார். அறிவித்த பெயரிலிருந்து விலக முடியாது. ஒரு முறை செய்ததை மறு சுற்றில் செய்யவும் கூடாது. டோக்கியோவில் பதக்கம் வரை போனவர்கள் ஒரே நாளில் நான்கு வெவ்வேறு கட்டாக்களைச் செய்தார்கள்.

ஏழு நடுவர்கள் மதிப்பெண் இட்டார்கள். நுட்பத்துக்கு 70 சதவீதம், உடல்திறனுக்கு 30 சதவீதம். இரண்டிலும் கூடுதலான இரு மதிப்பெண்களையும் குறைவான இரண்டையும் நீக்கிவிட்டு நடுவில் இருக்கும் மூன்றைக் கூட்டுவார்கள். ஒருவர் வேண்டுமென்றே கூட்டியோ குறைத்தோ போட்டால் அது கணக்கில் சேராது. ஒரு நடுவர் இடக்கூடிய உச்சம் 10. ஆக, மொத்த உச்சவரம்பு 30. இறுதியில் 28ஐத் தாண்டினால் அது மிக உயர்ந்த தரம் என்று பொருள்.

என்ன பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள் என்பதுதான் பலருக்குப் புரிவதில்லை. நிலை தாழ்வாகவும் உறுதியாகவும் இருக்கிறதா, திரும்பும்போது குதிகால் தூக்குகிறதா, மூச்சும் அசைவும் ஒன்றாக முடிகின்றனவா, பார்வை அடுத்த எதிராளியை உடலுக்கு முன்பே சென்றடைகிறதா என்பவையெல்லாம் அதில் அடங்கும். உடை ‘படார்’ என்று ஒலித்தாலே வேகம் என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு. ஒலி உடையிலிருந்து வரலாம், வேகம் இடுப்பிலிருந்துதான் வர வேண்டும்.

சாண்ட்ரா சான்செஸை ஏன் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்?

வயதுதான் முதல் காரணம். தங்கம் வென்றபோது அவருக்கு 39 வயது, 40 நிரம்ப ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருந்தது. மற்றவர்கள் ஓய்வுபெற்றுப் பயிற்சியாளராகும் வயதில்தான் அவர் ஸ்பெயின் தேசிய அணிக்குள்ளேயே வந்தார். 2018 மாட்ரிட் உலக சாம்பியன்ஷிப்பில் தங்கம், டோக்கியோவில் தங்கம், அதே 2021இல் துபாய் உலக சாம்பியன்ஷிப்பிலும் தங்கம்.

இறுதியில் அவருக்குக் கிடைத்தது 28.06. எதிரே நின்ற கியோ ஷிமிசு 27.88. இடைவெளி 0.18 மட்டுமே. ஷிமிசு 2014இலும் 2016இலும் உலகப் பட்டம் வென்றவர், சொந்த நாட்டில் ஆடுகிறவர். இந்த இருவரும் பல ஆண்டுகள் மாறி மாறி ஒருவரையொருவர் வென்றவர்கள். சான்செஸின் தங்கத்துக்கு ஷிமிசுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். அப்படி ஒரு போட்டியாளர் எதிரே இல்லாமல் 39 வயதில் யாரும் அந்த அளவுக்குத் தம்மை வருத்திக்கொள்ள மாட்டார்கள்.

ரியோ கியூனா மேடையில் ஒரு படத்தை ஏந்தி நின்றாரே, அது யார்?

அவருடைய தாய். 2019இல் காலமானார். மகன் ஒலிம்பிக்கில் நிற்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பரிசளிப்பின்போது கழுத்தில் தங்கம், கையில் சட்டமிட்ட அந்தப் படம். அந்தக் காட்சியைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் அதன் அழகு கெட்டுவிடும்.

கராத்தேவைப் பற்றிச் சொல்லலாம். கியூனா ஓகினாவாக்காரர். கராத்தே பிறந்த மண்ணுக்கு ஒலிம்பிக் தங்கம் கொண்டுவந்த முதல் வீரர். அவர் பயில்வது ரியுயெய்-ரியூ என்னும் ஓகினாவா மரபு. இறுதியில் அந்த மரபுக்கே உரிய ‘ஓஹான் டாய்’ கட்டாவைச் செய்து 28.72 பெற்றார். கின்டெரோவுக்கு 27.66. சான்செஸ் வென்ற இடைவெளியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு முழுப் புள்ளிக்கும் மேலான வேறுபாடு இறுதிச்சுற்றில் வருவது அரிது. அவருடைய ஆசான் சுகுவோ சாகுமோட்டோ 1984, 1986, 1988 ஆகிய மூன்று உலக சாம்பியன்ஷிப்களிலும் கட்டாவில் பட்டம் வென்றவர். சாகுமோட்டோவின் காலத்தில் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை. ஆசானுக்குக் கிடைக்காத மேடை மாணவனுக்குக் கிடைத்தது.

வென்றதும் கியூனா கத்தவில்லை, துள்ளவில்லை. களத்தின் நடுவே மண்டியிட்டு அமர்ந்து தலை தாழ்த்தி வணங்கினார்.

குமிதேவில் புள்ளி எப்படித் தருகிறார்கள்?

மூன்று அளவுகள். கையால் முகத்துக்கோ உடலுக்கோ சரியான குத்து என்றால் ‘யூகோ’, ஒரு புள்ளி. உடலுக்கு உதை என்றால் ‘வாசா-அரி’, இரண்டு. தலைக்கு உதை என்றாலோ, எதிராளியைக் கீழே வீழ்த்தி உடனே முறையாகத் தாக்கினாலோ ‘இப்போன்’, மூன்று. மூன்று நிமிடம் சண்டை. யாராவது எட்டுப் புள்ளி முன்னிலை பெற்றுவிட்டால் அதற்கு முன்பே முடிந்துவிடும். சமநிலையில் முடிந்தால், எதிராளிக்குப் புள்ளி இல்லாத நிலையில் முதல் புள்ளியை எடுத்தவருக்கு ‘சென்ஷு’ என்ற முன்னுரிமை இருக்கும். அவரே வெற்றியாளர்.

பட்டால் மட்டும் போதாது. நல்ல வடிவம், வேகம், சரியான நேரம், சரியான தூரம், தாக்கிய பின்னும் குலையாத கவனம், எதிராளியைக் காயப்படுத்தும் நோக்கமின்மை என எல்லாம் சேர்ந்திருந்தால்தான் அது புள்ளி. இந்தக் கடைசி அம்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஹமீதியின் கேள்விக்கு அது தேவைப்படும்.

ஒரு இறுதிப் போட்டி 0–0 என்று முடிந்ததாமே?

ஆம், பெண்கள் 61 கிலோ. ப்ரெகோவிச்சும் யின் சியாவ்யானும் மூன்று நிமிடம் மோதியும் யாருக்கும் ஒரு புள்ளிகூட இல்லை. ‘ஹான்தெய்’ என்னும் நடுவர் வாக்கெடுப்பில் ப்ரெகோவிச் வென்றார்.

தொலைக்காட்சியில் பார்த்த பலர் சலித்துப்போனார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் எதிராளியின் தூரத்தை அவ்வளவு துல்லியமாகப் படித்திருந்தார்கள். ஒருவர் அரை அடி முன்னே வைத்தால் மற்றவர் அரை அடி விலகுகிறார். தாக்கினால் எதிர்த்தாக்குதல் வரும் என்பது இருவருக்கும் தெரிகிறது. புள்ளிப் பலகையில் எதுவும் ஏறாத அந்த மூன்று நிமிடத்தில் தடுக்கப்பட்ட தாக்குதல்களை எண்ணிப் பார்த்தால் அது எவ்வளவு அடர்த்தியான ஆட்டம் என்று தெரியும்.

எதிராளியை உதைத்து வீழ்த்தியவர் தோற்றார், மயங்கி விழுந்தவர் தங்கம் வென்றார். இது எப்படி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஒலிம்பிக் கராத்தேவின் கடைசிச் சண்டையும் இதுதான்.

சவுதியின் தாரிக் ஹமீதி தொடக்க நொடிகளிலேயே தலைக்கு உதைத்து மூன்று புள்ளி எடுத்துவிட்டார். பிறகு 4–1. சவுதி அரேபியா ஒலிம்பிக்கில் அதுவரை ஒரு தங்கமும் வென்றதில்லை. சில நிமிடங்களில் அந்த வரலாறு மாறப்போகிறது என்ற நிலை. அப்போது இன்னொரு உதையை உயரத் தூக்கினார். அது கஞ்ச்சாதேவின் கழுத்தையும் தலையையும் தாக்கியது. கஞ்ச்சாதே அப்படியே சாய்ந்தார். எழவில்லை. மருத்துவக் குழு வந்தது, அவரைத் தூக்குப்படுக்கையில் வெளியே கொண்டுபோனார்கள்.

முதலில் ஹமீதி தாம் வென்றுவிட்டதாகவே நினைத்தார். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். கட்டுப்பாடு இல்லாத, அளவு மீறிய தாக்குதல் என்று ‘ஹான்சோகு’ கொடுத்தார்கள். அதாவது தகுதிநீக்கம். ஹமீதி அழுதார். மருத்துவ அறையில் கண்விழித்தபோதுதான் தாம் ஒலிம்பிக் சாம்பியன் என்பது கஞ்ச்சாதேவுக்குத் தெரியவந்தது. இப்படி வென்றதில் தமக்கு வருத்தமே என்று பின்னர் அவரே சொன்னார். பரிசளிப்புக்குத் திரும்பி வந்தார். இருவரும் மேடையில் பக்கம் பக்கமாக நின்றார்கள்.

அந்தத் தீர்ப்பு நியாயமா?

நியாயம் என்பதே என் கருத்து. பலர் இதை மறுப்பார்கள் என்பது தெரியும், ஹமீதிக்காக நானும் வருந்துகிறேன்.

குத்துச்சண்டையில் எதிராளியை மயங்க வைத்தால் வெற்றி. இந்தக் கராத்தே விதிகளில் அது குற்றம். தலைக்குப் போகும் உதை தோலைத் தொடும் அளவில் நிற்க வேண்டும். முழு வேகத்தில் புறப்பட்ட காலை இலக்கின் விளிம்பில் நிறுத்தத் தெரிவதுதான் திறமை. அந்தத் திறமைக்குத்தான் மூன்று புள்ளி. ஹமீதியின் முதல் உதைக்கு மூன்று புள்ளி கிடைத்ததும் இரண்டாவது உதைக்குத் தகுதிநீக்கம் கிடைத்ததும் ஒரே விதியால்தான். எதிராளி முன்னோக்கி வந்த வேகமும் சேர்ந்ததால்தான் அடி பலமாகப் பட்டது என்று வாதிடுவோர் உண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் எதிராளி நகர்வார் என்பதை எதிர்பார்ப்பதும் தாக்குபவரின் பொறுப்பு. 21 வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஒரு பிள்ளையின் தலைக்கு அருகே ஒரு கால் சீறிப்போய் நிற்பதை மூன்றடி தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும்.

முழு பலத்தோடு அடிக்க அனுமதிக்கும் கியோகுஷின் போன்ற கராத்தே மரபுகளின் விதி வேறு. அங்கே வீழ்த்தினால் வெற்றி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாக்குவாதம் வருகிறது.

கராத்தேவின் தாயகமான ஜப்பான் ஒரே ஒரு தங்கம்தானா?

ஒன்றுதான். போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் எட்டுப் பிரிவுகளிலும் ஜப்பானுக்கு இடம் இருந்தது. கிடைத்தது தங்கம், வெள்ளி, வெண்கலம் ஒவ்வொன்று.

ஆனால் இதில் எனக்குப் பிடித்த கணக்கு வேறு. எட்டுத் தங்கமும் எட்டு நாடுகளுக்குப் போயின: ஸ்பெயின், பிரான்ஸ், பல்கேரியா, ஜப்பான், செர்பியா, இத்தாலி, எகிப்து, ஈரான். எந்த நாடும் இரண்டாவது தங்கம் வெல்லவில்லை. 32 பதக்கங்களும் 20 நாடுகளுக்குப் பரவின. உலகம் முழுவதும் இந்தக் கலை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இது திடீரென்று நடந்ததும் இல்லை. இரண்டாவது உலக சாம்பியன்ஷிப் 1972இல் பாரிஸில் நடந்தபோதே அணிப் பட்டம் பிரான்ஸுக்கும் தனிநபர் பட்டம் பிரேசிலின் லூயிஸ் வாடனாபேவுக்கும் போய்விட்டன.

அதிகப் பதக்கம் யாருக்கு?

துருக்கிக்கு. ஒரு வெள்ளி, மூன்று வெண்கலம் என நான்கு. தங்கம் இல்லாததால் பட்டியலில் கீழே இருக்கிறார்கள், அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

புஸா–அகாயெவ் இறுதியை ‘கனவு இறுதி’ என்கிறார்களே?

சரியான பெயர்தான். அகாயெவ் ஐந்து முறை உலக சாம்பியன். எதிராளியைக் காலால் வாரி வீழ்த்தும் அவருடைய உத்தியைப் பார்த்தே ஒரு தலைமுறை கராத்தே கற்றது. டோக்கியோவுக்கு வந்தபோது 36 வயது. புஸா 2006இலும் 2012இலும் உலகப் பட்டம் வென்றவர், சிசிலித் தீவின் அவோலா ஊர்க்காரர். சிறுவயதில் உடல் பருமனோடு போராடியவர், தந்தையிடமே கராத்தே கற்றவர். இந்த இருவரும் பல ஆண்டுகளாகப் பல அரங்குகளில் மோதியவர்கள்.

ஒலிம்பிக் இறுதியில் முடிவு 1–0. ஒரே ஒரு குத்து. அதன்பின் அகாயெவ் எவ்வளவோ முயன்றார், புஸா இடம் கொடுக்கவில்லை. முடிந்ததும் இருவரும் கட்டித்தழுவிக்கொண்டார்கள். வெல்லாத ஒரே பெரிய பட்டத்துக்காக அவ்வளவு காலம் காத்திருந்த அகாயெவுக்கு வெள்ளிதான் வாய்த்தது என்பது எனக்கு இன்னும் ஆறாத குறை.

எகிப்தின் தங்கத்துக்கு என்ன சிறப்பு?

ஃபெரியால் அப்தெல் அசீஸ், ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் எகிப்தியப் பெண். இறுதியில் சரெட்ஸ்காவை 2–0 என வென்றார். முந்தைய நாள் ஜியானா ஃபரூக் வெண்கலம் வென்றிருந்தார். எகிப்தில் கராத்தே பெரும் விளையாட்டு. அடுத்தடுத்த உலகப் போட்டிகளில் அந்நாட்டுப் பெயர்கள் தொடர்ந்து வருவதைக் கவனித்தால் இது தற்செயல் இல்லை என்பது விளங்கும்.

இந்தியர் யாராவது ஆடினார்களா?

இல்லை. யாரும் தகுதி பெறவில்லை. ஒரு பிரிவுக்கு அடிப்படையாக 10 இடங்கள், ஒரு நாட்டுக்கு ஒருவர் மட்டுமே. உலகத் தரவரிசை, பாரிஸில் நடந்த தகுதிப் போட்டி, கண்டங்களுக்கான ஒதுக்கீடு என்று குறுகலான வாசல்கள் வழியாகத்தான் உள்ளே வர முடிந்தது. முன்னாள் உலக சாம்பியன்கள் சிலரே வெளியில் நின்றார்கள்.

நாடில்லாதவர்களும் ஆடினார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஒலிம்பிக் அகதிகள் அணியில் கராத்தேவுக்கு இருவர் இருந்தார்கள். ஈரானிலிருந்து வெளியேறிய ஹமூன் தெராஃப்ஷிபூர் 67 கிலோவில் சண்டையிட்டார். சிரியாவிலிருந்து ஜெர்மனி சென்ற வாயில் ஷுயெப் கட்டாவில் பங்கேற்றார். பதக்கம் இல்லை. இந்தப் பக்கத்தில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பாரிஸ் 2024இல் கராத்தே ஏன் இல்லை?

டோக்கியோவுக்கு மட்டும் என்ற அடிப்படையில்தான் 2016இல் கராத்தே சேர்க்கப்பட்டது. போட்டி நடத்தும் நகரம் தனக்கு விருப்பமான சில விளையாட்டுகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம் என்ற புதிய ஏற்பாடு அது. பாரிஸ் அமைப்பாளர்கள் 2019 பிப்ரவரியில் பிரேக்கிங் நடனம், ஸ்கேட்போர்டிங், செயற்கைச் சுவர் ஏறும் ஸ்போர்ட் கிளைம்பிங், அலைச்சறுக்கு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது டோக்கியோவில் கராத்தே அறிமுகமாவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அடுத்த கதவு மூடப்பட்டுவிட்டது.

இதில் மிகவும் வலிப்பது டா கோஸ்டாவின் நிலை. பிரான்ஸ்காரர். சகோதரர்கள் மூவருமே கராத்தே வீரர்கள். டோக்கியோவில் ஷம்டானை 5–0 என வென்று தங்கம் எடுத்தார். அடுத்த ஒலிம்பிக் சொந்த நாட்டில், ஆனால் அவருடைய விளையாட்டு அதில் இல்லை. பட்டத்தைக் காக்கும் வாய்ப்பே ஒரு சாம்பியனுக்கு மறுக்கப்பட்டது. ஆட்டத்தைப் பார்க்காமலேயே எடுத்த முடிவு அது. அதைச் சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை.

2028 லாஸ் ஏஞ்சலீஸில்?

அங்கும் இல்லை. பரிசீலனைப் பட்டியல் வரை வந்தது. 2023 அக்டோபரில் கிரிக்கெட், ஸ்குவாஷ், பேஸ்பால்-சாஃப்ட்பால், லக்ராஸ், ஃபிளாக் ஃபுட்பால் ஆகிய ஐந்தும் தேர்வாயின.

அப்படியானால் கராத்தேவின் மிகப் பெரிய மேடை இப்போது எது?

உலகக் கராத்தே சம்மேளனத்தின் உலக சாம்பியன்ஷிப். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும். 2021இல் துபாய், 2023இல் புடாபெஸ்ட், 2025இல் கெய்ரோ. 2023 புடாபெஸ்டில் 16 பிரிவுகள் இருந்தன, அணிப் போட்டிகளும் அதில் அடக்கம். அணிக் கட்டாவின் பதக்கச் சுற்றில் மூவர் ஒன்றாகக் கட்டா செய்துவிட்டு, அதன் ஒவ்வொரு அசைவும் சண்டையில் எப்படிப் பயன்படும் என்பதைத் தங்களுக்குள்ளேயே மோதிக் காட்டுவார்கள். ‘புங்காய்’ என்பது அதன் பெயர். ஒலிம்பிக்கில் இது இல்லாமல் போனது பெரிய இழப்பு. ஆசிய விளையாட்டில் 1994 ஹிரோஷிமா முதல் கராத்தே இருக்கிறது.

அந்தப் பதக்க வீரர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

சான்செஸும் கியூனாவும் உச்சத்திலேயே போட்டிகளிலிருந்து விடைபெற்றார்கள். 2021 துபாயில் கியூனா வென்றது அவருடைய நான்காவது தனிநபர் உலகப் பட்டம்.

உக்ரைனின் ஹொருனாவைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 2022இல் அவருடைய நாட்டில் போர் மூண்டபோது தம் ஒலிம்பிக் வெண்கலத்தை ஏலத்தில் விட்டார். 20,000 டாலருக்கும் மேல் கிடைத்தது. அந்தப் பணத்தை நாட்டின் பாதுகாப்புக்குக் கொடுத்தார்.

இதுவரை கராத்தே பார்த்ததே இல்லை. எந்தப் போட்டியை முதலில் பார்ப்பது?

கியூனாவின் இறுதிக் கட்டாவிலிருந்து தொடங்குங்கள். முதல் முறை வேகத்தைப் பார்ப்பீர்கள். இரண்டாம் முறை பாதங்களை மட்டும் பாருங்கள். திசை மாறும்போதும் இடுப்பின் உயரம் மாறாமல் பாதம் தரையைத் தழுவிக்கொண்டே நகரும்.

பிறகு புஸா–அகாயெவ். சாதாரண வேகத்தில் பார்த்தால் அந்த ஒற்றைப் புள்ளி எப்போது விழுந்தது என்றே தெரியாது. மெதுவாக ஓட்டி, குத்தும் கையைக் கவனியுங்கள். போன கை எவ்வளவு வேகமாகப் போனதோ அதே வேகத்தில் திரும்பி வந்திருக்கும்.